தினம் ஒரு முகம்

2004 டிசம்பரில் அமெரிக்காவின் ரிச்மண்டில் டுவேன் கைசர் என்ற ஓவியர், தினமும் ஒரு படம் என்று வரையத் தொடங்கினார். அஞ்சலட்டை அளவில், எண்ணெய் வண்ணத்தில். கடலூரில் நான் அதையே விலங்கு முகங்களாக வரைந்துவருகிறேன்: துறைமுகத்தில் மீன்கூடையருகே காத்திருக்கும் பூனை, சிதம்பரம் கீழவீதியில் அசைபோடும் பசு, பிச்சாவரம் போகும் வழியில் பார்த்த எருமை.

எருமைதான் எனக்கு வாத்தியார். கறுப்புதானே என்று டியூபிலிருந்து கறுப்பைப் பிதுக்கினால் படம் செத்துவிடும். அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் பழுப்பைக் குழைத்தால் வருகிற கருமையில்தான் சேறும் வெயிலும் இருக்கின்றன. எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று மெதுவாக இறுகும். நேற்று வரைந்த பூனை இன்னும் ஈரம்தான். அந்தத் தாமதம் எனக்குப் பிடித்திருக்கிறது. கன்னத்து மயிரை மறுநாளும் திருத்தலாமே!

கண்ணைக் கடைசியில்தான் தொடுவேன். அதில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்ததும், அதுவரை வெறும் சாயமாக இருந்த எருமை என்னைத் திரும்பிப் பார்க்கும்.

நாளைக்கு வெள்ளாடு. அதன் கண்மணி படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். அதற்குச் சின்னத் தூரிகையை இப்போதே கழுவி வைத்துவிட்டேன்.