சித்திர நெசவும் கூட்டுப் படைப்பும்: ஒரு குறிப்பு

புத்தளக் கரையோரத்தில், கற்பிட்டிக் குடாநாட்டில், பனையோலையை வார்ந்து சாயமூட்டிப் பாய் இழைக்கும் பெண் வரைபடத்தைப் பார்த்து இழைப்பதில்லை. கோலத்தின் கணக்கு அவளது விரலிலும் நினைவிலும் உள்ளது. அங்கு வடிவமைப்பவரும் இழைப்பவரும் ஒருவரே. இவ்விரு பணிகளும் இருவரிடையே பிரியும்போது படைப்பு யாருடையதாகின்றது? நவீன சித்திர நெசவை மதிப்பிட முற்படுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவேயாகும்.

சித்திர நெசவில் உருவம் துணியின்மேல் தீட்டப்படுவதன்று. பாவிழைகளை மூடிச் செல்லும் ஊடிழைகளே உருவமாகின்றன. 1930களின் இறுதியிலிருந்து பிரான்சின் ஓபுசோன் நெசவாளருடன் பணியாற்றிய ழான் லூர்சா, நிறங்களை வரையறுத்து, எண்ணிட்ட மாதிரிப்படங்களை அமைத்தார். தைலவண்ண ஓவியத்தைப் போலச்செய்யும் நிலையிலிருந்து நெசவு விடுபட்டது. ஆயினும், நிறத்தேர்வு ஓவியர் வசமாயிற்று. இதற்கு மாறாக, எகிப்தின் ஹரானியாவில் ரம்சீஸ் வீசா வாசெவ் 1950களில் வளர்த்த பட்டறையில், கிராமச் சிறுவர் மாதிரிப்படமின்றித் தறியிலேயே உருவங்களைப் படைத்தனர்.

இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டவை, ஓவியர் எஸ். ஜி. வாசுதேவும் நெசவாளர் சுப்பராயலுவும் 1990களிலிருந்து பெங்களூரில் இணைந்து உருவாக்கிய பட்டுச் சித்திர நெசவுகள். தூரிகையின் கீறலை இழை அவ்வாறே ஏற்பதில்லை. ஒரு நிறம் மற்றொன்றிற் கரைவதைக் காட்டப் பல நிற இழைகளைச் சேர்த்தாக வேண்டும். எவ்விழையை எங்கே சேர்ப்பது என்பது தறியில் அமர்ந்தவரின் தீர்ப்பு. எனவே ஓவியத்தை மூலமென்றும் நெசவை நகலென்றும் கொள்ளுதல் பொருந்தாது. இப்படைப்புகள் இருவர் பெயராலும் அறியப்படுவதை வெறும் பெருந்தன்மையென நாம் கருதவில்லை. அது உழைப்பின் உண்மைநிலையை ஏற்றுக்கொள்வதாகும்.

இலங்கையில், 1964இல் பெயார்புட் நிறுவனத்தைத் தொடங்கிய பார்பரா சன்சோனி கைத்தறிக்குப் புதிய நிறவுணர்வை அளித்தார். கிராமப் பெண்கள் பலர் அதனால் வாழ்வாதாரம் பெற்றனர். இச்சாதனை மறுக்கற்பாலதன்று. ஆயினும் அத்துணிகளின் அழகைப் பேசும்போது வடிவமைப்பாளரின் பெயரே நம் நாவில் வருகின்றது. நெய்தவர் 'பெண்கள்' என்னும் பன்மைக்குள் மறைந்துவிடுகின்றனர். இது தனியொருவரின் குறையன்று. சிந்திப்பதைக் கலையென்றும் செய்வதைக் கைத்தொழிலென்றும் பிரித்த சமூகத்தின் பார்வை. விமரிசகராகிய நாமும் அதற்குப் புறம்பானவரல்லர்.

ஓவியர்கள் கற்பிட்டிக்குச் செல்லட்டும். புதிய கோலங்களும் சந்தைகளும் பிறக்கட்டும். ஆனால் வரைபடத்துடன் செல்பவர் அங்கு வெறுங் கைகளைச் சந்திக்கப்போவதில்லை. ஏற்கெனவே வடிவமைத்துக்கொண்டிருப்பவர்களையே சந்திப்பார். அதனை உணர்ந்து தொடங்கும் முயற்சியையே கூட்டுப் படைப்பு எனலாம். ஏனையது, எத்துணை அழகியதாயினும், கூலிவேலையே.