ரோகிணி நாளும் கண்ணகி மணமும்

கார்டன் ரீச்சில் இருந்தாலும் நம்மவர் வீட்டுக் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி நட்சத்திரம்தான். புலவர்கள் அதை எப்படிப் பாடினார்கள் என்று பார்ப்போம்.

சந்திரனுக்கு 27 மனைவியர். ரோகிணியே பிரியமானவள் என்பது புராணம். திங்கள் அவளைக் கூடும் நாளே மணநாள். அகநானூறு 86, 136 ஆகிய பாடல்களில் அந்நாளில் மணந்த தலைவன் அதை நினைத்து உருகுகிறான். புறநானூறு 229இல் கூடலூர் கிழார் விண்மீன் விழக் கண்டு அஞ்சுகிறார். ஏழாம் நாள் சேரமன்னன் மாய்கிறான். இங்கெல்லாம் வானம் பொய்க்கவில்லை.

சிலம்பில்தான் கதை மாறுகிறது. இளங்கோவடிகளும் ரோகிணி நாளில்தான் மணம் முடிக்கிறார். கண்ணகியை அருந்ததிக்கு ஒப்பிடுகிறார். இதைவிட நல்ல முகூர்த்தம் ஏது? ஆனாலும் கோவலன் மதுரையில் வெட்டுண்டான். நாளில் குற்றமில்லை, முன்வினை முந்திக்கொண்டது. இவ்விடத்தை வெறும் மங்கல வர்ணனை என்று கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை. பதிகத்தில் சொன்ன ஊழ்வினையை அடிகள் மணப்பந்தலிலேயே விதைத்துவிட்டார். சமணனாகிய எனக்கு அது பளிச்சென்று தெரிகிறது.

நாள் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை; நானும் பார்த்தவன்தான். நட்சத்திரம் ஒத்துவரவில்லை என்று என் மகளுக்கு இரண்டு வரன்கள் தட்டிப்போயின. அன்றிரவு நான் பஞ்சாங்கத்தை மூடிவிட்டுச் சிலம்பைத்தான் திறந்தேன். ஆறுதல் அதில்தான் இருந்தது.