பள்ளியும் பங்கும்: தமிழகத்திலும் இலங்கையிலும் கத்தோலிக்க இளையோர் குழுக்களின் வழிபாடு

கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் இளையோர் குழுக்களில் செபம், நற்செய்தி வாசிப்பு, தவக்காலச் சிலுவைப்பாதை, திருவிழாப் பணி ஆகியவை பாக் நீரிணையின் இருகரையிலும் உண்டு. வேறுபாடு, அந்தக் குழுவில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதில் தொடங்குகிறது. அதைத் திருச்சபையைவிட, பள்ளிக்கூடம் பற்றிய அரசின் சட்டமே பெரிதும் முடிவுசெய்திருக்கிறது.

தமிழகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: உத்திரமேரூர் வட்டாரத்து மாகறல், திருமாகறலீஸ்வரர் கோயிலால் அறியப்பட்ட ஊர். கத்தோலிக்க நிர்வாகத்தில் இப்பகுதி, 2002இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் அடங்கும். கிறிஸ்தவர்கள் குறைவாக வாழும் இத்தகைய வட்டாரங்களில் திருச்சபைப் பள்ளிகளின் வகுப்பறைகளை நிறைப்பவர்கள் பெரும்பாலும் இந்துப் பிள்ளைகளே. பள்ளி நடத்தும் உரிமையை அரசமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தருகிறது. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற பள்ளியில் எந்த மாணவரையும் இசைவின்றிச் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தக் கூடாது என்று 28(3) தடுக்கிறது. சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும். எனவே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று வகுப்பு பிரிகிறது.

பிரிந்த இருசாராரையும் மீண்டும் சேர்க்கும் இடம் மாணவர் இயக்கம். பெல்ஜியத்தில் 1925இல் ஜோசப் கார்டைன் அமைத்த இளம் தொழிலாளர் இயக்கத்தின் ‘காண், ஆராய், செயல்படு’ முறையையே மாணவர் இயக்கமும் பின்பற்றுகிறது. இந்தியாவில் இதற்கு இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் என்றும் இளம் மாணவர் இயக்கம் என்றும் இரட்டைப் பெயர். பிற சமயத்தாரும் சேரும் பொருட்டே இரண்டாவது பெயர். எல்லாரும் சொல்லக்கூடிய பொதுச் செபத்தோடு கூட்டம் தொடங்கும். பேச்சு ஊர்ப் பிரச்சினைகளின் பக்கம் திரும்பும். சாரணர் அணிகளிலும் இதே போக்குதான். 1950இல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கம் சர்வ சமயப் பிரார்த்தனையை வழக்கமாக்கியது. உறுதிமொழியில் ‘கடவுள்’ என்பதற்குப் பதிலாகத் ‘தர்மம்’ என்று சொல்லவும் இடம் தந்தது. திருச்சபைக்கு இதில் இழப்பு உண்டு: கத்தோலிக்கப் பிள்ளைக்கு வேண்டிய ஆழமான செபப்பயிற்சியை இத்தகைய கூட்டங்கள் தருவதில்லை. ஆனால் வேறு சமயத்துத் தோழன் பக்கத்தில் இருக்கும்போது செபிக்கக் கற்பது சிறிய பேறன்று.

இலங்கையில் வழி வேறாயிற்று. 1960–61 சட்டங்களால் உதவிபெறும் பள்ளிகளை அரசு ஏற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் குடியேறி எதிர்த்தும் பயனில்லை. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற சில, கட்டணம் வாங்காத தனியார் பள்ளிகளாக நின்றன. அதே வேளை அரசுப் பாடத்திட்டத்திலேயே சமயம் கட்டாயப் பாடம்: க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குச் சைவப் பிள்ளை சைவநெறியும் கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கமும் எழுதும். சமயப் பாட வேளையில் பிள்ளைகள் தத்தம் சமய ஆசிரியரிடம் பிரிந்து போகிறார்கள்.

ஆகவே இளையோர் குழுவின் மையம் பள்ளியிலிருந்து பங்குக்கு நகர்ந்தது. ஞாயிறு மறைக்கல்வி, பீடப்பணி, மரியாயின் சேனை, பங்கு இளையோர் ஒன்றியம் என எல்லாம் ஒரே சமயத்தார் கூடும் இடங்கள். செபமாலை முழுதாகச் சொல்லப்படும். திருவழிபாட்டு ஆண்டு தவறாமல் பின்பற்றப்படும். தவக்காலத்தில் திருப்பாடுகளின் காட்சியை மேடையேற்றுவது வடக்கிலும் மன்னாரிலும் இளையோரின் பெரும் உழைப்பு. பேசாலையில் ‘பாஸ்’ எனப்படும் இக்காட்சி பேர்பெற்றது. 1965இல் நீ. மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் யாழ்ப்பாணத்தில் இந்த மரபைப் பெருங்கலையாக வளர்த்தது. பக்தியை நடிப்பிலும் பாட்டிலும் உடலால் கற்கும் இப்பயிற்சிக்கு நிகரானது தமிழகத்து மாணவர் இயக்கத்தில் இல்லை.

பிற சமயத்தாரோடு கலக்கும் வாய்ப்பு இலங்கை இளையோருக்குத் திருத்தலத்தில் அமைகிறது. ஆகஸ்டு 15 மடு மாதா திருவிழாவில் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கர் அல்லாதவர்களும் திரள்கிறார்கள். திருப்பலி இரு மொழியிலும் நடக்கிறது. அதே நாளில் தமிழகப் பங்குகளில் விண்ணேற்பு விழாத் திருப்பலியோடு, இந்தியச் சுதந்திர நாளுக்கான தேசியக் கொடியேற்றமும் நடைபெறுகிறது.