கேள்வி கேட்கப் பழகியவர்களும் பதில் சொல்லப் பழகியவர்களும்

சமூக விஞ்ஞானத் துறைகளில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஆய்வுமுறை என்று தனியாக ஒரு பயிற்சி கொடுக்கிறார்கள். மாதிரி தெரிவு செய்வது, வினாக்கொத்துத் தயாரிப்பது, நேர்காணல் எடுப்பது, ஒலிப்பதிவை எழுத்தாக்கி வரிவரியாகக் குறியிடுவது, சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். கோப்பை கழுவுகிற எமக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தப் பயிற்சி முடிந்ததும் அவர்களில் சிலர் எம்மிடம்தான் வருகிறார்கள். சுவிஸ் தமிழரைப் பற்றிக் கிறிஸ்டோபர் மக்டவல் 1996இலும், நோர்வேத் தமிழரைப் பற்றி ஒய்விண்ட் ஃபுக்லெருட் 1999இலும் புத்தகங்கள் வெளியிட்டார்கள். அதன் பிறகு கட்டுரைகளும் ஆய்வேடுகளும் குவிந்துவிட்டன. எமது பிள்ளைகள் நாளைக்கு எம்மைப் பற்றி வாசிக்கப் போவது பெரும்பாலும் இவற்றில்தான். நாமாக எழுதி வைத்தது கொஞ்சம். ஆகவே இவர்கள் எப்படிக் கேட்கப் பழக்கப்படுகிறார்கள் என்பது எமது விடயமும்தான்.

முதலில் எண்ணிப் பார்க்கிற முறை. ஸ்டுட்கார்ட்டில் இருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய மன்ஹைமில் 1974இல் கருத்துக்கணிப்பு முறைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அது கெசிஸ் என்ற நிறுவனத்தின் பகுதி. ஆய்வு மாணவர்கள் பலர் அங்கே போய்ப் பயில்கிறார்கள். ஜேர்மனியின் பொதுச் சமூகக் கணிப்பான அல்புஸ் 1980இல் ஆரம்பித்தது. 1990 வரைக்கும் அதில் ஜேர்மன் பிரஜைகள் மட்டுமே இருந்தார்கள். 1991இல் இருந்து வெளிநாட்டவரும் சேர்க்கப்பட்டார்கள், ஆனால் ஜேர்மன் மொழியில் பதில் சொல்லத் தெரிய வேண்டும், தனி வீட்டில் வசிக்கவும் வேண்டும். அகதி ஹைமில் ஆறு பேரோடு ஓர் அறையில் கிடந்தவர் இதில் எந்தக் கணக்கிலும் இல்லை. 1984இல் தொடங்கிய இன்னொரு பெரிய தொடர்கணிப்பு வெளிநாட்டவருக்கென்றே தனி மாதிரி எடுத்தது. துருக்கியர், கிரேக்கர், யூகோஸ்லாவியர், ஸ்பானியர், இத்தாலியர் என ஐந்து நாட்டவர். 1983 ஆடிக்குப் பிறகு எம்மவர் இங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே காலம் அது. 2016இல் அகதிகளுக்கென்றே ஒரு கணிப்பு தொடங்கினார்கள். அறபு, பார்சி, பஷ்டூ, உருது, குர்திஷ் எல்லாம் அதில் உண்டு. தமிழ் இல்லை.

இதில் சதி எதுவும் கிடையாது. மாதிரிக்குக் காசு வேண்டும், சிறிய கூட்டத்தைத் தேடிப் பிடிப்பது செலவான காரியம். எமது குறை வேறு. மொழி தெரியாமல் விடுபட்டவர்களை நடுநிலையான இழப்பாகக் கணக்கில் கழித்துவிட மாணவர் பழகுகிறார். யாருக்குப் பேச வராதோ அவர் வாழ்க்கையும் பேச வருகிறவரின் வாழ்க்கையும் ஒன்றுபோலவா இருக்கும்?

இப்படி எண்ணிக்கையில் அகப்படாத எம்மைப் பிடிக்க நேர்காணல் வருகிறது. இங்கே பெரிதாகக் கற்பிக்கப்படுவது ஃப்ரிட்ஸ் ஷுட்ஸே 1970களில் பீலஃபெல்டில் வளர்த்தெடுத்த கதைசொல்லும் நேர்காணல் முறை. நல்ல முறைதான். ஒரேயொரு கேள்வியோடு தொடங்கி, ஆளைத் தன் பாட்டில் சொல்லவிட வேண்டும். குறுக்கே பேசக்கூடாது. சொல்லத் தொடங்கியவரைக் கதையே இழுத்துப் போகும், விபரம் கொடுக்க வைக்கும், தொடங்கியதை முடிக்க வைக்கும், முக்கியமானதைத் தெரிய வைக்கும், அதனால் அவர் மறைக்க நினைத்ததும் வெளியே வரும் என்பது ஷுட்ஸேயின் எண்ணம். வினாக்கொத்தில் குறுக்குக் கோடு போடுவதை விட இது எவ்வளவோ மேல்.

ஆனால் எம்மில் அநேகர் முதன்முதல் கதைசொல்லும் நேர்காணலைச் சந்தித்தது பல்கலைக்கழக மாணவரிடம் அல்ல. அசூல் விசாரணையில். அங்கேயும் தொடக்கம் அதேதான்: ஏன் நாட்டை விட்டு வந்தீர், நீரே சொல்லும். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி கேட்டதைப் பதிந்துகொண்டிருப்பார். திகதி பிசகினால், ஓரிடத்தில் சொன்னது இன்னோர் இடத்தில் ஒத்து வராவிட்டால், நம்பத்தகுந்ததல்ல என்று முடிவு வரும். அதனால் விசாரணைக்கு முன்னரே கதையைச் சீராக்கினோம். பொய் சொன்னோம் என்பதில்லை. எது தேவைப்படாதோ அதை வெட்டினோம். பயணக் காசுக்குக் காப்பை அடகு வைத்த மாமி போனார். வேறு இயக்கத்தில் இருந்த சினேகிதன் போனான். ஷெல் அடிக்கிற நேரத்திலும் சண்டை பிடித்த அயல்வீட்டுக்காரர், சிரிப்பு வந்த சம்பவங்கள், யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் போயிற்று. மிஞ்சியது நாள், மாதம், ஆண்டு, ஆமி, சோதனைச் சாவடி, தடுப்பு முகாம். மேன்முறையீட்டில் சட்டத்தரணிக்கு அதையே திரும்பச் சொன்னோம். பிறகு ஆய்வு மாணவர் வந்து ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்கிறார். வாய் தானாகவே அந்தப் பழகிய கதையைத் தொடங்கிவிடுகிறது. கால ஒழுங்கோடு, விபரத்தோடு, முடிவோடு. மாணவருக்குச் சந்தோசம். கதையின் உந்துதல் என்று அவர் குறியிடுவது ஓர் அரசாங்கக் கந்தோரின் உந்துதலாக இருக்கலாம். இதைக் கவனித்து எழுதிய ஆய்வாளர்களும் உண்டு. இருந்தாலும், அகதியிடம் போகிற ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டியது இது என்பது எமது அபிப்பிராயம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அசூல் விசாரணையில் எழுதியதைக் கடைசியில் எமது மொழியில் திரும்ப வாசித்துக் காட்டிப் பிழை திருத்தச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்பது ஒழுங்கு. எம்மிடம் பேட்டி எடுத்துப் போன மாணவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து அப்படி வாசித்துக் காட்டினார்கள்?

அடுத்தது ஆட்களைச் சேர்க்கிற முறை. ஒருவர் இன்னொருவரைக் காட்ட, அவர் மற்றவரைக் காட்ட, பனியுருண்டை போலப் பெருக்குவது. கோவில் ஐயர், தமிழ்ப் பாடசாலை ஆசிரியர், விளையாட்டுக் கழகத் தலைவர் என்று அது உருளும். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோவிலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நியாயம்தான், கோவில் கண்ணுக்குத் தெரியும். இரவு பதினொன்றரைக்கு அடுப்புத் துடைக்கிறவர் தெரியமாட்டார். சங்கத்தில் சேராதவர், சங்கத்தோடு கோபித்தவர், சாதியைச் சொல்லி ஒதுக்கப்பட்டவர், இவர்களிடம் அந்த உருண்டை வராது. பெண்களிடம் வந்தால் மொழிபெயர்க்கப் புருசன் பக்கத்தில் இருப்பார்.

நாம் மதிக்கிற ஓர் ஆய்வு இருக்கிறது. வியன்னாவுக்கு அண்மையில் மரியந்தால் என்ற நெசவாலைக் கிராமம். 1929–30இல் ஆலை மூடப்பட, ஊரே வேலை இழந்தது. 478 குடும்பங்கள். மரி யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல் ஆகியோரும் அவர்களது குழுவும் 1931–32இல் அங்கே ஆய்வு செய்து 1933இல் புத்தகமாக்கினார்கள். வெறும் பார்வையாளராக ஒருவரும் அந்த ஊருக்குள் போகக்கூடாது, ஊருக்குப் பிரயோசனமான ஏதாவது செய்துகொண்டுதான் விபரம் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். உடுப்புச் சேர்த்துக் கொடுத்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். அதே குழுதான் ஜன்னலுக்குப் பின்னால் மறைந்திருந்து, வீதியில் ஆண்கள் எவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள், எத்தனை தரம் நிற்கிறார்கள் என்று மணிக்கூடு பார்த்துக் குறித்தது. இன்றைய சம்மதப் பத்திர விதிப்படி இதைக் கேள்வி கேட்பார்கள். கோனிக்ஸ்ட்ராஸவில் எம்மை யாராவது அப்படி அளந்தால் எமக்கும் பிடிக்காது. ஆனாலும் வேலையில்லாதவனின் காலில் நேரம் எப்படிக் கனக்கிறது என்பதை அந்த அளவு காட்டியது. விசாவுக்கும் வேலை அனுமதிக்கும் ஹைமில் காத்திருந்தவர்களுக்கு அது விளங்கும். மூவருமே பின்னர் நாடு விட்டு வாழ வேண்டியவர்களானார்கள்.

சம்மதப் பத்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. வலன்ரைன் டானியல் இலங்கை மலையகத் தொழிலாளரின் நாட்டார் பாடல்களைத் தேடிப் போனவர். 1983 வன்செயலுக்குப் பின் சனங்கள் அவரிடம் சொன்னதோ வன்முறையைத்தான். 1996இல் வந்த அவரது புத்தகத்தில், தகப்பனைக் கொடூரமாகப் பறிகொடுத்த ஒரு மகள் வருகிறாள். இதை உலகத்துக்குச் சொல்லுங்கள் என்றும், ஒருவருக்கும் சொல்லவேண்டாம், அப்பா மரியாதையானவர் என்றும் இரண்டையும் அவளே சொல்கிறாள். டானியல் அந்த இரண்டையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். பல்கலைக்கழகங்கள் தருகிற பத்திரத்தில் அவளுக்குக் கையெழுத்து வைக்க ஓரிடம்தான் இருக்கும்.

இப்போது எமது பிள்ளைகளே ஆய்வு மாணவர்களாகி வருகிறார்கள். தமிழ் கதைப்பார்கள், அது பெரிய வசதி. ஆனால் மாமா, அன்ரி என்று கூப்பிடுகிற பிள்ளைக்கு முன்னால் நாம் இன்னும் கூடுதலாக வெட்டித்தான் சொல்வோம். அதற்கும் ஒரு முறை கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

அண்மையில் எம்மில் ஒருவரிடம் வந்த தகவல் தாளில், நேர்காணலுக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்குமுன் எமது றெஸ்ரோரண்ட் பூட்டியிருப்பது இரண்டரை மணித்தியாலம். அதற்குள் உருளைக்கிழங்கும் உரித்து, ஸ்பெட்ஸ்லேக்கு மாவும் அடித்துவைக்க வேண்டும். திங்கட்கிழமை லீவு. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம்.