மரப்பறவைக்கு எந்த மெருகு?

கொழும்பு–கண்டி வீதியில் கேகாலையைத் தாண்டி மாவனெல்லை வரைக்கும், 1975 முதல் யானைகளைப் பராமரித்துவரும் பின்னவலவைச் சுற்றியும் நினைவுப்பொருள் கடைகள் நிறைய உண்டு. மர யானைகளுக்கு நடுவே நிறம் தீட்டிய மரப்பறவைகளும் அங்கே வரிசையாக நிற்கும். காட்டுக்கோழியோ ஆந்தையோ மயிலோ, பெரும்பாலானவற்றின் மேல் ஒரே மாதிரியான கண்ணாடிப் பளபளப்பு. செதுக்கியவரின் உழைப்பைக் காக்கவே வார்னிஷ் பூசுகிறார்கள். அதுவே பல வேளை அந்த உழைப்பைக் கெடுத்தும் விடுகிறது.

பூசாமலும் இருக்க முடியாது. கேகாலை ஈர வலயத்து மாவட்டம். ஆண்டு மழை 2500 மில்லிமீற்றரைத் தாண்டும். ஈரத்தில் மரம் உப்பி, வெயிலில் சுருங்கும்போது நிறத்தில் வெடிப்பு விழுகிறது. தூசி ஒட்டுகிறது, கைபட்ட இடம் கறுக்கிறது. மினுமினுப்பான பூச்சு இருந்தால் துணியால் துடைத்தாலே போதும். மங்கிய நிறமும் எடுப்பாகத் தெரியும். கடைக்காரர் அதை விரும்புவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

இலங்கைக்குப் பழைய மெருகு முறை ஒன்றும் இருக்கிறது. சப்ரகமுவவின் தாழ்நில மழைக்காடுகளில் வளரும் ஹல் மரத்தின் பிசினையும் தொரண மரத்து எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். கண்டிய ஓவியங்களில் சிவப்பும் மஞ்சளுமே மேலோங்கி நிற்கும்; ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலைப் புரட்டினாலே இந்தக் கலை மரபின் பரப்புத் தெரியும். அந்த நிறங்களின் மேல் மெருகெண்ணெயின் இளமஞ்சள் சாயல் குறையாகத் தெரியாது, சூடேற்றிக் காட்டும். குருளு ராட்சத என்ற பறவை அரக்கன் முகமூடியின் சிவந்த அலகுக்கு அது அழகு.

கெஹிபெல்லாவுக்கு அது பொருந்தாது. இலங்கையில் மட்டுமே வாழும் இந்தப் பறவைக்கு நீல உடல், செங்கபிலத் தலை, சிவந்த அலகு. எண்ணெய் சார்ந்த எந்த வார்னிஷும், கடையில் வாங்கும் பொலியூரித்தேன் உட்பட, காலப்போக்கில் மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சை தட்டும். விற்கும் நாளில் குறை தெரியாது. வாங்கியவர் வீட்டில் சில வருடங்களில் நீலப் பறவை பாசி நிறமாகிவிடும். பழுது மெதுவாக வருவதால் செய்தவருக்கு அது திரும்பித் தெரிவதே இல்லை.

பளபளப்பும் தனிப் பிரச்சினை. அதற்கு ஓர் ஆந்தையே சான்று. கேகாலை மாவட்டத்துக் கித்துள்கல காட்டில் 1995இல் பறவையியலாளர் தீபால் வரகாகொட ஓர் அறியாத குரலைக் கேட்டார்; 2001இல் சிங்கராஜாவில் அதற்குரிய சிறு ஆந்தையைக் கண்டார்; 2004இல் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. மாவட்டத்துக்கே பெருமையான பறவை. அதன் செம்பழுப்பு இறகில் மினுக்கமே கிடையாது. அதை மரத்தில் செதுக்கிப் பளபளப்பான வார்னிஷ் அடித்தால் இறகுக் கோடுகளின் மேல் விளக்கொளி தெறித்து, நுணுக்கம் முழுவதும் மறையும். மயிலின் கழுத்துக்குப் பளபளப்பு நியாயம். ஆந்தைக்குக் கண்ணிலும் அலகிலும் மட்டும் போதும்.

எனவே நீர் சார்ந்த, மஞ்சளாகாத அக்ரிலிக் பூச்சு, மங்கல் வகையில், இந்தப் பறவைகளுக்குச் சரியான தேர்வு. அதற்கும் குறை உண்டு. மங்கல் தன்மை தரும் சிலிக்காத் துகள்கள் தடிப்பாகப் பூசினால் கறுப்பு நிறத்தைச் சாம்பலாக்கும். ஆகவே மெல்லிய இரண்டு பூச்சே நல்லது. நிறம் நீரில் கரையக்கூடியதானால் முதல் பூச்சிலேயே ஓடிவிடும். அடிப்பக்கத்தில் ஈரப்பஞ்சால் ஒற்றிப் பார்ப்பது அவசியம். நைட்ரோ லாக்கர் விரைவில் காயும், ஆனால் அதன் தின்னர் அக்ரிலிக் நிறத்தைக் கரைக்கும். மழை நாளில் ஆவியாகும் தின்னர் மேற்பரப்பைக் குளிரவைக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து பால் போல் வெளுக்கும். கேகாலையில் மழையில்லாத வேலைநாளுக்குக் காத்திருப்பது எளிதல்ல.

அக்ரிலிக் பூச்சுக்குச் சற்றுக் கூடுதல் செலவும், காய்வதற்கு லாக்கரைவிடக் கூடுதல் நேரமும் ஆகும். பயணிகள் வண்டி வந்து நிற்கும் கடையில் இரண்டும் சுமைதான். ஆனாலும் நீலத்தை நம்பி விற்கும் ஒரு பறவைக்காவது அந்தச் செலவைச் செய்யலாம். சிவப்பு முகமூடிகளுக்குப் பழைய மெருகு தொடரட்டும்.