ரிவிட் அடித்த இறக்கை

பழைய இயந்திரத்தை எடைபோட திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்குத் தனிக் கண் உண்டு. பெயின்ட்டைப் பார்த்து மயங்க மாட்டார்கள். போல்ட் எங்கே இருக்கிறது, ஸ்பானர் உள்ளே நுழையுமா, ஒன்று கெட்டால் எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். டகோட்டா விமானத்தை ரசிக்க அந்தக் கண்தான் சரி. படத்தில் பார்த்தால் மூக்கு தடித்து, பின்பக்கம் தரையில் குந்திய, சற்றே மந்தமான உருவம். பட்டறைக்காரர் பார்த்தாலோ விட்டு நகர மாட்டார்.

போருக்குப் போய்விட்டு ஊர்வேலைக்குத் திரும்பிய வண்டிகள் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1955இல் திருவொற்றியூருக்கு வந்த ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனம், உலகப்போரில் 'ஃபிளையிங் ஃப்ளீ' என்ற 125 சிசி பைக்கை இரும்புக் கூண்டில் வைத்து பாராசூட்டில் இறக்குவதற்காகவே செய்தது. சண்டை ஓய்ந்ததும் அதே பைக் சாதாரண மனிதர்களின் வாகனமாகிவிட்டது. எண்ணூரில் அசோக் நிறுவனத்தோடு கைகோத்த லேலண்டும் போர்க்காலத்தில் டாங்கி செய்த கம்பெனிதான்.

டகோட்டாவின் கதையில் ஒரு சுற்று கூடுதல். அது பிறந்ததே பயணிகள் விமானமாக. டக்ளஸ் கம்பெனியின் டிசி-3, கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் 1935 டிசம்பர் 17 அன்று முதன்முறை பறந்தபோது, இரவுப் பயணிகள் படுத்துக்கொண்டு போவதற்கான விமானம் அது. போர் வந்ததும் தரையை வலுவாக்கி, இடப்பக்கம் அகலமான சரக்குக் கதவு வைத்து, ஓரமாக பெஞ்சு போட்டு ராணுவத்துக்கு அனுப்பினார்கள். ராணுவ வடிவம் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். டகோட்டா என்பது பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர். நம் ஊரில் அதுவே நிலைத்தது.

இப்போது இறக்கைக்கு வருகிறேன். அசல் சங்கதி அங்கேதான். ஒற்றை முதுகெலும்பை நம்பாமல், நீளவாக்கில் பல தண்டுகளைக் கொடுத்து, மேலே அலுமினியத் தகட்டை ரிவிட் அடித்து, தகடும் பாரம் தாங்கும்படி செய்தார்கள். ஒரு இடத்தில் அடிபட்டால் பாரத்தைப் பக்கத்துத் தண்டுகள் ஏற்றுக்கொள்ளும். வெளி இறக்கையை நடுப்பகுதியோடு சேர்ப்பது ஒரு போல்ட் வரிசை, கழற்றலாம், மாற்றலாம். 1941இல் சீனாவில் ஒரு டிசி-3இன் வலது இறக்கை குண்டுவீச்சில் போனது. மாற்று இறக்கை கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய மாடலான டிசி-2இன் குட்டை இறக்கையை, இன்னொரு விமானத்தின் அடிவயிற்றில் கட்டிக் கொண்டுபோய் மாட்டினார்கள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பறந்தது!

சக்கரத்தைப் பாருங்கள். மடக்கினாலும் முழுசாக உள்ளே போகாது. பாதி வெளியே தெரியும். காற்றோட்டக் கணக்குக்கு அது குறைதான். ஆனால் சக்கரம் இறங்க மறுத்தால் விமானம் அதன் மேலேயே சறுக்கி நிற்கும். வயிறு அதிகம் கிழியாது. இந்தக் குறைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். என்ஜின் இரண்டும் 'ட்வின் வாஸ்ப்': இரண்டு வரிசையில் பதினாலு சிலிண்டர், 1,200 குதிரைசக்தி. நிறுத்தி வைத்தால் கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் தேங்கும். அதனால் கிளப்புமுன் புரொப்பல்லரைக் கையால் சுற்றிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு சிலிண்டராகப் பற்றி, புகையைக் கக்கி, தடதடத்து, ஒரே சுருதிக்கு வந்து நிற்கும். குறை சொல்லவும் இடமுண்டு: மழையில் விமானி அறை ஒழுகும்.

போர் முடிந்ததும் உபரி விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்த பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலையே, பெஞ்சைப் பிடுங்கி நாற்காலி போட்டு அவற்றைப் பயணிகள் விமானங்களாக்கியது. 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோனின் முதல் பயணம் 'சீதா தேவி' என்ற டகோட்டாவில், ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக சென்னைக்கு. அதன் சகோதரி 'சுனேத்ரா தேவி' 1949இல் திருச்சியில் இறங்கும்போது சீர்செய்ய முடியாதபடி நொறுங்கியது. ஆனால் உள்ளே இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். அதே 1949 ஜனவரியில் இரவுத் தபால் சேவை தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லியிலிருந்து கிளம்பும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் ஊர் திரும்பும். மாலையில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில். 1953 ஆகஸ்டில் அரசு எட்டு கம்பெனிகளை எடுத்துக்கொண்டு இந்தியன் ஏர்லைன்ஸை அமைத்தபோது, அதன் கையில் வந்த டகோட்டாக்கள் 74.

ரசிகன் மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த விமானங்களிலும் இவை இருந்தன. அந்த இருக்கைகளில் ஐரோப்பியருக்கே முன்னுரிமை. மூட்டை தூக்கிய, வயலில் உழைத்த தமிழர்கள் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழி நடந்தார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். அறுபதுகளில் மறுபடி விரட்டப்பட்டு வந்தவர்கள் கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். எர்ணாவூர் பக்கம் பர்மா நகர் என்று ஒரு குடியிருப்பே இருக்கிறது. அந்த 1942 நடைக்கு இரண்டே ஆண்டு கழித்து, 1944இல், ஜப்பானியர் முற்றுகையில் சிக்கிய இம்பாலுக்கு இதே விமானங்கள் அரிசியும் குண்டும் கொண்டுபோய் ஒரு படையையே காப்பாற்றின. யாரை ஏற்றுவது என்று முடிவுசெய்த அதிகாரிகளின் கணக்கை அலுமினியத்தின் தலையில் எழுத முடியாது. இருந்தாலும் படை வீரத்தைப் புகழும் புத்தகங்கள் அந்த நடைப்பயணத்தை இரண்டு வரியில் கடந்துபோவது எனக்கு உறுத்துகிறது.

முதல் காஷ்மீர் போரில் இந்தியப் படையினரை ஏற்றிக்கொண்டு, 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் விபி 905. அதே எண்ணைத் தாங்கிய வேறொரு டகோட்டாவை, அயர்லாந்தில் குப்பையாகக் கிடந்த நிலையிலிருந்து மீட்டு, இங்கிலாந்தில் புதுப்பித்து, தொழிலதிபரும் அரசியல்வாதியுமான ராஜீவ் சந்திரசேகர் இந்திய விமானப்படைக்குப் பரிசளித்தார். பெயர் பரசுராமா. டகோட்டா விமானியாக இருந்த தன் தந்தையின் நினைவாக அவர் செய்தது. 2018இல் அது தன் இறக்கையை நம்பியே பறந்து இந்தியா வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் பாஸ்லர் என்ற நிறுவனம் இன்னமும் டகோட்டாக்களை எடுத்து, உடலை நீட்டி, டர்பைன் என்ஜின் மாட்டி பிடி-67 என்று விற்கிறது. அண்டார்டிகா வரை அவை உழைக்கின்றன. பாரம் கூடுதல், வேகம் கூடுதல், எரிபொருளும் எளிதில் கிடைக்கும். எல்லாம் சரி. ஆனால் பதினாலு சிலிண்டர் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும் அந்தத் தடதடப்பைக் கேட்டவன் எவனும் டர்பைனின் விசிலுக்காகக் காசு கொடுத்து ஏர் ஷோவுக்குப் போக மாட்டான். நான் போக மாட்டேன்.