பட்ஜெட் நாள் சேலை

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொடர்ந்து எட்டாவது முறையாக பட்ஜெட் வாசித்தார். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை என்று அவர் அறிவிக்கும் முன்பே, அவர் உடுத்தியிருந்த மதுபனி ஓவியச் சேலை செய்தியாகிவிட்டது. 2019 முதல் அவர் கட்டிய சேலைகளின் படத்தொகுப்புகளும் வெளிவந்தன. வேட்டி சட்டையில் பட்ஜெட் வாசித்த முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரத்துக்கு இப்படி ஆண்டுவாரிப் பட்டியல் போடும் வழக்கம் இருந்ததில்லை.

ஆனாலும் அந்தச் சேலைச் செய்தியை வெறும் வம்பு என்று ஒதுக்க முடியாது. அதில் ஓவியம் தீட்டியவர் பிகாரைச் சேர்ந்த பத்மஸ்ரீ துலாரி தேவி. அந்த ஆண்டு பிகாரில் சட்டமன்றத் தேர்தல். அதே பட்ஜெட்டில் பிகாருக்கு மக்கானா என்னும் நீர்த்தாவர விதைக்கான வாரியமும் அறிவிக்கப்பட்டது. இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டிய நிருபர் தம் வேலையைத்தான் செய்தார். மோடியின் பெயர் பொறித்த கோட்டு 2015இல் 4.31 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதும், ஜெயலலிதா வீட்டுச் சோதனையில் 10,500 சேலைகள் கணக்கில் வந்ததும் எழுத வேண்டிய செய்திகளே. பணமோ அரசியல் நோக்கமோ துணியில் தெரிந்தால், கட்டியவர் ஆணா பெண்ணா என்று பாராமல் எழுதலாம்.

அவை இல்லாதபோதும் எழுதுவதுதான் கேடு. 2017 மார்ச்சில் பிரிட்டன் பிரதமர் தெரசா மேயும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிகோலா ஸ்டர்ஜனும் கிளாஸ்கோவில் சந்தித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்கான முறையான அறிவிப்புக்கு இரண்டே நாள் இருந்தது. ஸ்காட்லாந்து பிரிந்துபோகுமா என்ற கேள்வியும் நின்றது. மறுநாள் ‘டெய்லி மெயில்’ முதல் பக்கத்தில், இருவரின் கால்களில் எவை அழகு என்று போட்டி வைத்தது. இரு நாட்டு மக்களின் எதிர்காலத்தைப் பேசியவர்களை அந்தப் பத்திரிகை அவமதித்தது.

புகழ்ந்து எழுதினால் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் விமன்ஸ் மீடியா சென்டர் 2013இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் தருகிறது: பெண் வேட்பாளரின் தோற்றத்தை இகழ்ந்தாலும் புகழ்ந்தாலும் அவருக்கான ஆதரவு குறைந்தது.

நம் சேலைச் செய்திகளில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. கைத்தறியின் பெருமையைப் பேசும் அவை, நூல் விலையையும் நெசவாளர் கூலியையும் பெரும்பாலும் தொடுவதேயில்லை. செய்தி ஆசிரியர்களே, அடுத்த பட்ஜெட்டன்று சேலையைப் பற்றி எழுதுங்கள். நெய்தவருக்கு என்ன கூலி கிடைத்தது, அந்த பட்ஜெட் கைத்தறிக்கு எவ்வளவு ஒதுக்கியது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.